பேட்டரி கழன்று வரும், சரி... அப்புறம்?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வேப் 'மாட்'டின், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாகத் தரும் மின்சிகரெட் கருவியின், பேட்டரி மூடியை ஒருநாள் சும்மா திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே உறைத்தது. வெளியில் ஒரு கீறல் இல்லை, திரை பளிச்சென்று எரிகிறது, பொத்தானை அழுத்தினால் ஆவி வருகிறது. உள்ளே, பேட்டரியின் அடிப்பக்கத்தைத் தொடும் ஸ்பிரிங்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறி, ஒரு ஓரம் இளகி வழிந்து அப்படியே உறைந்திருந்தது. மூடிப் பக்கம் சூடாகிறதே என்று சில வாரங்களாக நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், பேட்டரி சூடாகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எடுத்துச் சோதித்தால் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. சூடானது அது தொடும் இடம்.

கணக்கு ரொம்பச் சின்னது. அந்தத் தொடுமுனையில் வெறும் 0.01 ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். 20 ஆம்பியர் ஓடும்போது 20 × 20 × 0.01, அதாவது 4 வாட் அங்கேயே சூடாகப் போய்விடும். சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் 4 வாட் என்றால் பிளாஸ்டிக் இளகாமல் என்ன செய்யும்? அதிலிருந்து, பேட்டரி மாற்றக்கூடிய எந்தக் கருவி கைக்கு வந்தாலும் ஆவியைப் பற்றி அப்புறம் யோசிப்போம் என்று முதலில் அதன் மூட்டுகளைத்தான் பார்க்கிறேன். பாகம் பாகமாகக் கழன்று வரும் கருவியில் தப்பு நடப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு பாகம் இன்னொன்றைத் தொடும் இடத்தில்தான். அந்த மூட்டுக்கு அந்தப் பக்கம் எதை மாட்டலாம், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கருவியின் நல்லது கெட்டது எல்லாம்.

மேலே போகும் முன் ஒன்று. நிகோட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள், இந்த ஆவியும் வெறும் நீராவி இல்லை. புகைக்காதவருக்கு இதில் எதற்கும் எந்தத் தேவையும் கிடையாது, சில நாடுகளில் விற்பனையே சட்டவிரோதம். நான் எழுதுவது ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்கும், இந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும்.

'மாடுலர்' என்ற ஒரே சொல்லை இப்போது இரண்டு வேறு ஜாதிக் கருவிகளுக்கு ஒட்டி விற்கிறார்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் ஜாதி பழையது. சீனாவில் ஹோன் லிக் 2003இல் மின்சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டபோது அது சிகரெட் வடிவிலான குச்சி, அதற்குள் இருந்ததும் குட்டி பேட்டரிதான். அது போதவில்லை என்று ஆட்கள் டார்ச் லைட் குழாயைக் குடைந்து, பெரிய பேட்டரி போட்டு, மேலே ஆவியாக்கியைத் திருகிக்கொண்டார்கள். 'மாட்' என்ற பெயரே அப்படி மாற்றிச் செய்ததிலிருந்து வந்ததுதான். அந்தத் திருகு மரையும் ஜாய்டெக் நிறுவனத்தின் 510 என்ற மாடலிலிருந்து வந்து, பெயரோடு நிலைத்துவிட்டது: 7 மில்லிமீட்டர் விட்டம், 0.5 மில்லிமீட்டர் இடைவெளி. யாரும் உட்கார்ந்து கூட்டம் போட்டு எழுதிய தரநிலை இல்லை, ஆனால் இன்றும் எவர் செய்த டேங்க்கையும் (திரவமும் ஆவியாக்கியும் உள்ள மேல்பாகம்) எவர் செய்த மாட்டிலும் மாட்டலாம். கீழே 18650, இல்லையென்றால் 21700, கடையில் தனியாக வாங்கும் உருளை பேட்டரி. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கும். 21700 அதன் அண்ணன், 21க்கு 70.

இரண்டாவது ஜாதி சமீபத்தியது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப்புகளுக்குப் பெல்ஜியம் 2025 ஜனவரி 1 முதல் தடை போட்டது, பிரிட்டன் அதே ஆண்டு ஜூன் 1 முதல். பிரிட்டனில் மட்டும் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் வேப்புகள் குப்பைக்குப் போவதாக 2023இல் மெட்டீரியல் ஃபோகஸ் அமைப்பு கணக்குச் சொல்லியிருந்தது. அந்தக் குப்பையில் கிடந்த பேட்டரிகளை ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்தபோது அவை நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கின, அத்தனையும் ஒரே முறை காலியானதும் எறியப்பட்டவை. தடையை ஒட்டித் தயாரிப்பாளர்கள் கருவியை இரண்டாக வெட்டினார்கள். கீழே சார்ஜ் ஏற்றும் பேட்டரிக் கட்டை, மேலே திரவமும் அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலும் உள்ள பாட், நடுவில் காந்தமோ கொக்கியோ. டக்கென்று கழன்று வரும், டக்கென்று ஒட்டிக்கொள்ளும். இதுவும் 'பேட்டரி மாற்றும் மாடுலர் கருவி'தான். என்ன, அந்தக் கட்டை அந்த ஒரே நிறுவனம் செய்வது, அடுத்த வருடம் வரும் மாடலில் அதன் பள்ளம் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் உங்களிடம் இருப்பது வெறும் கட்டை.

முதல் ஜாதியில் தீர்ப்புச் சொல்லும் வேலை முழுக்க வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. முதலில் பேட்டரி. 18650இல் அதிக மின்னோட்டம் தருபவை பொதுவாக 2500இலிருந்து 3000 mAh (மில்லியாம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) வரை. கொள்ளளவை மட்டும் பார்த்துச் செய்தவை 3500ஐ ஒட்டி நிற்கும், மிகச் சமீபத்தில் ஒன்றிரண்டு 4000ஐத் தொட்டன. உறையில் 9900 என்று அச்சடித்திருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்கவே வேண்டாம், அது பொய். கொள்ளளவும் மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் வரும். சாம்சங் 25R 2500 mAh, 20 ஆம்பியர். அதே சாம்சங்கின் 30Q 3000 mAh, 15 ஆம்பியர். மோலிசெல் P26A 2600 mAh, 35 ஆம்பியர். கூடுதல் mAh என்று ஆசைப்பட்டு, லேப்டாப்புக்காகச் செய்த பேட்டரியை உருவி மாட்டில் போடுபவர் தன்னை அறியாமலே குறைந்த ஆம்பியர் பேட்டரியிடம் அதிக வேலை வாங்குகிறார்.

பெட்டியில் '80 வாட்' என்று போட்டிருப்பார்கள், ஒற்றை 18650க்கு. வாட்டைக் கட்டுப்படுத்தும் சிப் உள்ள கருவியில் பேட்டரி தரும் மின்னோட்டத்தை முடிவு செய்வது காயிலின் ஓம் இல்லை, நீங்கள் வைக்கும் வாட்தான், இதை ரொம்பப் பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். பேட்டரி காலியாகக் காலியாக அதன் வோல்ட் இறங்கும், அதே 80 வாட்டைத் தர சிப் கூடுதல் ஆம்பியரை உறிஞ்சும். 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், சிப்பின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால், 80ஐ 3.2ஆல் வகுத்து மறுபடி 0.9ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட 28 ஆம்பியர். 20 ஆம்பியர் பேட்டரிக்கு அது அதிகம். 55 வாட் என்றால் 19 ஆம்பியர், சரி, தாங்கும். அதனால் ஒற்றைப் பேட்டரிக் கருவியில் 55க்கு மேல் அச்சடித்த எண்ணை நான் அலங்காரமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், 21700 போட்டால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

இதே எண்களை வைத்து ஒரு சார்ஜ் எவ்வளவு நேரம் வரும் என்றும் பார்த்துவிடலாம். 3000 mAh பேட்டரியில் 3.6 வோல்ட்டுக்கு 10.8 வாட்-மணி. சிப்பில் பத்து சதவீதம் போக 9.7. 15 வாட்டில் இழுத்தால் 2,300 வினாடிச் சொச்சம், மூன்று வினாடி இழுப்பு என்றால் எழுநூற்று எழுபதைத் தாண்டும். 60 வாட்டில் அதே பேட்டரி இருநூறு இழுப்புகூட வராது, நிஜத்தில் வோல்ட் விழுவதால் அதற்கும் குறைவு. இரண்டாவது ஜாதிக் கட்டையில் 1000 mAh இருந்தால் 15 வாட்டில் 260 இழுப்புதான், பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் இழுப்பு எண்ணிக்கை பாட்களையும் பல முறை சார்ஜ் ஏற்றுவதையும் சேர்த்துச் சொல்வது. பேட்டரி மாற்றும் வசதியால் உண்மையில் லாபம் யாருக்கு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். குறைந்த வாட்டில் இழுப்பவருக்கு ஒரு பேட்டரியே நாளைத் தள்ளிவிடும், அதிக வாட்காரருக்குத்தான் பையில் இன்னொன்று தேவை.

பையில் இன்னொன்று. அதுதான் அடுத்த தொல்லை.

18650ஐக் கையில் எடுத்து உறையை உரித்துப் பார்த்தால் (சார்ஜ் உள்ளதைச் செய்யாதீர்கள்) மேலே சின்ன நேர்முனை வட்டம். மற்றதெல்லாம், அடி, பக்கச்சுவர், மேல் விளிம்பு வளைந்து வரும் இடம் உட்பட, முழு இரும்பு டப்பாவும் எதிர்முனை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒரு காப்பு வளையமும், வெளியே சுற்றிய காகிதத்தனமான பிளாஸ்டிக் உறையும்தான். மேல் விளிம்பில் அந்த உறை அரிசி முனை அளவு கிழிந்திருந்தால்கூட, உலோக மாட்டுக்குள் தள்ளும்போது நேர்முனைக் கம்பி விளிம்பைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஆகலாம். பாக்கெட்டில் சாவியோடு கிடந்தால் அதற்குக் கருவிகூடத் தேவையில்லை.

அமெரிக்காவில் 2009 முதல் 2016 வரை மின்சிகரெட் தீப்பிடித்த, வெடித்த நிகழ்வுகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தபோது 195 வந்தது. அதில் பாக்கெட்டில் இருந்தபோது நடந்தவை 61, பயன்படுத்திக்கொண்டிருந்தபோது 60, சார்ஜில் 48. பாக்கெட் எண்ணிக்கை முதலிடத்தில் இருப்பதைப் பாருங்கள், அதில் சில கருவிக்குள் இல்லாமல் தனியாகக் கிடந்த பேட்டரிகள். அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021இல், தனி 18650 பேட்டரிகளை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. சாம்சங், எல்ஜி போன்றவர்களும் ரொம்ப நாளாக அதையே சொல்கிறார்கள்: இவை பேட்டரித் தொகுப்புக்குள், காப்புச் சுற்றோடு வைப்பதற்காகச் செய்தவை, சில்லறையாக மின்சிகரெட்டில் போட இல்லை. ஆக, முதல் ஜாதிக் கருவி முழுவதுமே, பேட்டரி செய்தவரே வேண்டாம் என்று சொல்லும் ஒரு பயன்பாட்டின் மேல் கட்டப்பட்டது. இதை மறைத்துக்கொண்டு 'எந்த பேட்டரியும் போடலாம், சுதந்திரம்' என்று எழுதும் மதிப்புரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நானும் பயன்படுத்தியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் டப்பா இல்லாமல் ஒரு பேட்டரியும் என் பையில் ஏறாது, உறை கிழிந்தால் ஓரிரு நிமிட வேலைதான், புது உறையைப் போட்டு ஹேர் டிரையரால் லேசாகச் சுருக்கிவிடலாம்.

சிப்பே இல்லாத மெக்கானிக்கல் மாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதில் பொத்தான் என்பது வெறும் சுவிட்ச், காயிலுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. 4.2 வோல்ட்டில் 0.5 ஓம் போட்டால் 8.4 ஆம்பியர், 0.1 ஓம் போட்டால் 42. சிலவற்றில் டேங்க்கின் 510 ஊசி நேராக பேட்டரியின் நேர்முனையையே தொடும், அந்த ஊசி மரையைவிடக் கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் எதிர்முனையான மரையே பேட்டரி மேல் உட்கார்ந்துவிடும், அப்புறம் நடப்பதைத் தடுக்க எதுவுமில்லை. வேண்டாம், அவ்வளவுதான்.

மேல் மூட்டுக்கு வருவோம். 510 மரை பார்க்க அலட்சியமான விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் சிப்புக்குக் காயிலைப் பற்றி எது தெரிய வேண்டுமென்றாலும் அது வழியாகத்தான் தெரியவேண்டும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவிகள் தனியாக வெப்பமானி எதுவும் வைத்திருப்பதில்லை, காயில் சூடானால் அதன் மின்தடை ஏறும் என்பதை அளந்து, அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுகின்றன. நிக்கல் கம்பியில் அந்த ஏற்றம் அதிகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைவு, கந்தால் என்னும் கலப்புலோகக் கம்பியில் அளக்கும்படி இல்லவே இல்லை. 0.5 ஓம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காயில் 200 டிகிரி சூடேறினால் மின்தடை ஏறுவது மொத்தமே 0.09 ஓம் அளவுதான். இப்போது மரை கொஞ்சம் தளர்ந்து, இல்லை திரவம் கசிந்து அங்கே பிசுபிசுப்பு ஏறி, 0.01 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். சிப்புக்கு அது இருபது டிகிரிக்கு மேல் பிழை. ஒரே கருவி ஒருவருக்கு அற்புதமாகவும் இன்னொருவருக்குத் தொண்டை எரிகிற மாதிரியும் இருப்பதற்குச் சுவையைவிட இந்த அழுக்குத்தான் பல நேரம் காரணம். நான் புதுக் கருவியில் டேங்க்கைப் பத்து முறை கழற்றிக் கழற்றி மாட்டி, திரையில் வரும் ஓம் எண்ணை எழுதிவைப்பேன். பத்து முறையும் 0.01க்குள் நின்றால் மூட்டு நல்ல மூட்டு.

இது வெறும் துல்லியப் பிரச்சினை இல்லை. காயில் தேவைக்கு மேல் சூடாகி, அதற்குத் திரவம் ஊட்டும் பஞ்சு காய்ந்தால் திரவத்தில் உள்ள கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்றவை உருவாகும். 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு கடிதத்தில், 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடுச் சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டதாக எழுதியிருந்தார்கள். அந்த வோல்ட்டில் வரும் கருகிய சுவையை எந்த மனிதரும் தொடர்ந்து இழுக்கமாட்டார் என்று உடனே எதிர்ப்பும் கிளம்பியது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு, வெப்பம்தான் முக்கியம். அந்த வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை அந்த 7 மில்லிமீட்டர் மரையின் சுத்தத்தை நம்பி இருக்கிறது.

மூட்டு திறந்ததாக இருப்பதற்கு வேறொரு விலையும் உண்டு. 2019இல் அமெரிக்காவில் திடீரென்று நுரையீரல் பாதிப்போடு ஆட்கள் மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர், 68 மரணங்கள். முக்கியக் காரணமாகத் தெரியவந்தது வைட்டமின் ஈ அசிட்டேட், அது பெரும்பாலும் கள்ளத்தனமாக விற்ற கஞ்சாச் சாற்றுக் கார்ட்ரிட்ஜ்களில் கலந்திருந்தது. அந்த மாதிரிக் கார்ட்ரிட்ஜ்களில் ஏராளமானவை இதே 510 மரையில் பொருந்துபவைதான். மாட் செய்தவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் 'எதையும் மாட்டலாம்' என்ற சொல்லில் அதுவும் அடக்கம்.

இரண்டாவது ஜாதியில் இந்தக் கவலைகளில் பாதி காணாமல் போகிறது, உண்மையைச் சொல்லவேண்டும். சார்ஜ் ஏற்றும் சுற்றும் காப்புச் சுற்றும் கட்டைக்குள்ளேயே இருக்கும், உறை கிழிவது, தலைகீழாக மாட்டுவது எல்லாம் கிடையாது, வாட்டும் குறைவு. அதற்குப் பதிலாக வேறு கேள்விகள். கட்டையைக் கழற்றி வைத்தால் அதன் ஊசிகள் வெளியே தெரிகின்றன அல்லவா, அவற்றில் அப்போது மின்னழுத்தம் இருக்கிறதா? மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நன்றாகச் செய்த கட்டையில் பாட் உட்கார்ந்து இழுக்கும் வரை மின்சாரம் வராது. மலிவாகச் செய்த ஒன்றில் நான் வைத்துப் பார்த்தபோது நேராக 4 வோல்ட் நின்றது, சாவிக்கொத்தோடு போட்டால் 18650 கதையேதான். அடுத்தது, பாட்டின் அடியில் ஆவி குளிர்ந்து சேரும் ஈரம் வழிவது நேராக இந்த ஊசிகள் மேல்தான், பள்ளம் ஆழமாக இருந்தால் துடைக்கக்கூட முடியாது. இழுத்தால் தானாக எரியும் கருவிகளில் காற்றழுத்த உணரி இருக்கும், அந்த ஈரம் உணரிக்குள் இறங்கிவிட்டால் யாரும் இழுக்காமலே கருவி எரிய ஆரம்பிக்கலாம். அதனால் பத்து வினாடி தொடர்ந்து எரிந்தால் தானே அணைகிறதா என்று பார்ப்பது நல்லது.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, கட்டைக்குள் இருக்கும் பேட்டரி செத்தால் என்ன ஆகும் என்பது. அதைத் திறக்க முடியாமல் ஒட்டியிருந்தால், நாம் மாற்றுவது பேட்டரியை இல்லை, சிப், சார்ஜ் துளை, உணரி எல்லாவற்றையும் சேர்த்து. தூக்கி எறியும் வேப்பின் பாதியைத்தான் மிச்சப்படுத்தினோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டம் 2027 பிப்ரவரியிலிருந்து, கையடக்கக் கருவிகளில் உள்ள பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடியவேண்டும் என்கிறது. அதற்கு ஏற்றபடி இந்தக் கட்டைகளும் திறக்கும்படி வருமா, இல்லை முழுக் கட்டையையும் 'பேட்டரி' என்று பெயர் சூட்டி ஒப்பேற்றிவிடுவார்களா என்பதைத்தான் நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதுக்கு வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது, நான் சந்தேகப் பிராணி.

சார்ஜ் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தனி பேட்டரி என்றால் தனி சார்ஜர்தான் மேல், மாட்டின் யுஎஸ்பி துளை அவசரத்துக்கு. இரண்டு பேட்டரி போடும் மாட் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஜோடி பிரிக்காமல் சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே ஓய்வு கொடுக்கவேண்டும். மூடியருகே கூட்டல் கழித்தல் குறி இருட்டில் தெரியாத அளவுக்குக் கறுப்பில் கறுப்பாகப் பொறித்திருந்தால் அந்த வடிவமைப்பாளர் தன் கருவியை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். விமானத்தில் கருவியும் உதிரி பேட்டரியும் கைப்பையில்தான், முனைகளை மூடி, சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

பழுப்பேறிய அந்த மாட்டைத் தயாரித்தவருக்குப் படத்தோடு எழுதினேன். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது, புது மாடலில் ஸ்பிரிங்குக்குப் பதில் தட்டையான செம்புத் தகடு போட்டிருக்கிறோம், அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. எங்கே பிரச்சினை என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தகடு தனியாகக் கிடைக்குமா என்று திரும்பக் கேட்டேன். தனியாக விற்பதில்லையாம்.